விசையும் இயக்கமும் செய்முறைப் பெட்டி: 189 ரிங்கிட் கொடுக்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வரும் டிராலிகளும் சாய்பலகையும், நாடாவில் புள்ளி போட்டு நேரம் காட்டும் டிக்கர் டைமரும் நல்ல சரக்கு, கொடுத்த காசுக்குத் தகும். வில்தராசு இரண்டும் உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கூடவே வரும் கையேடு குப்பை. மேலே படிக்க நேரமில்லாதவர்கள் தராசுகளைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள், கையேட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள்.

நேரம் இருப்பவர்களுக்கு விவரம். மகள் இந்த வருடம் நான்காம் படிவம். கேஎஸ்எஸ்எம் (மலேசிய இடைநிலைப் பள்ளிப் பாடத்திட்டம்) இயற்பியலில் இரண்டாவது பாடமே விசையும் இயக்கமும், அப்புறம் ஐந்தாம் படிவத்தில் முதல் பாடமும் அதன் தொடர்ச்சிதான், ஆக ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு முடிகிற வரைக்கும் இது பிள்ளைகளை விடாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு கூட்டத்துக்கு ஒரு டிராலி, முன்னால் நிற்கிறவர்கள் தொடுவார்கள், பின்னால் நிற்கிறவர்கள் எண்களைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தியூஷனில் சூத்திரம் மட்டும் கிடைக்கும். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறேன். கயிறு, எடை, பிரேக் என்று நாள் முழுக்க விசையோடுதான் மல்லுக்கட்டு. அதனால் பொருள் கையில் வந்ததும் குறை எங்கே என்றுதான் கண் முதலில் போகும்.

வாங்கியது கோலாலம்பூர் புடுவில், ஜாலான் பாசார் பக்கம் ஒரு சின்னக் கடையில். கடைப் பெயரும் பெட்டியின் பிராண்டும் வேண்டாம், இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஆன்லைனிலும் கிடைக்கிறது. உள்ளே இருப்பவை: நடுவில் மடிக்கக்கூடிய 1.2 மீட்டர் சாய்பலகை, அரைக் கிலோ எடையில் இரண்டு டிராலி, மேசை ஓரத்தில் பொருத்த ஒரு கப்பி, 50 கிராம் எடைகள் சில, ஒரு கிலோ எடை ஒன்று, வில்தராசு இரண்டு, உராய்வுக்கு ஒரு மரக்கட்டை, டிக்கர் டைமர், அதற்கு அடாப்டர், தாள் நாடா ஒரு சுருள்.

டிராலி சக்கரங்களில் பேரிங் போட்டிருக்கிறார்கள். கவிழ்த்துப் போட்டு ஒரு சுண்டு சுண்டினால் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றுகிறது. இந்த விலையில் வரும் பொம்மைத்தனமான பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் கம்பியில் உரசிக்கொண்டே போகும், அதை வைத்துக்கொண்டு நியூட்டனின் முதல் விதியைக் காட்டவே முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே பாதி மதிப்பெண் போடலாம்.

ஏனென்றால் முதல் விதிதான் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாத விதி: மொத்த விசை பூஜ்யமானால் நிற்கிற பொருள் நிற்கும், ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். மனப்பாடமாகச் சொல்வார்கள், நம்ப மாட்டார்கள். ஓடுகிற பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், தள்ளுவது நின்றால் அது நின்றுவிடும், இதுதான் நம் எல்லாருடைய உள்மன எண்ணமும். அரிஸ்டாட்டில் அப்படித்தான் நினைத்தார், அவருக்குப் பின்னால் வந்த பெரிய பெரிய ஆட்களும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நம்பினார்கள், அதனால் பதினாறு வயசுப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த எண்ணத்தை உடைக்க ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். இந்தப் பெட்டி அதைச் செய்கிறது.

எப்படி என்றால், டிக்கர் டைமர் என்பது ஒரு சின்னச் சுத்தியல் மாதிரியான தகடு, மின்சாரத்தில் அதிர்ந்து கார்பன் தட்டின் மேல் தட்டிக்கொண்டே இருக்கும். அடியில் டிராலி இழுத்துக்கொண்டு போகும் நாடாவில் வரிசையாகப் புள்ளி விழும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆக வினாடிக்கு 50 புள்ளி, ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் 0.02 வினாடி. பலகையைச் சமமாக வைத்து டிராலியை ஒரு தள்ளு தள்ளிவிடுங்கள். புள்ளிகள் முதலில் விலகி விலகி விழும், போகப் போக நெருங்கும். வண்டி மெதுவாகிறது. மகளைக் கேட்டால் "தள்ளினது தீர்ந்துபோச்சு அப்பா" என்கிறாள். சரி. இப்போது பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து அதே மாதிரி தள்ள வேண்டியது. நெருக்கம் குறையும். இன்னொரு புத்தகம். ஒரு கட்டத்தில் புள்ளிகள் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இடைவெளியில் விழும், அளவுகோலை வைத்து அளந்தாலும் மில்லிமீட்டர் மாறாது. சரிவில் கீழ்நோக்கி இழுக்கும் எடையின் பங்கும் எதிர்க்கும் உராய்வும் அங்கே சரிக்குச் சரி. மொத்த விசை பூஜ்யம், வண்டியோ ஓடிக்கொண்டிருக்கிறது. தள்ளினது எதுவும் தீர்ந்துபோகவில்லை, இத்தனை நேரம் உராய்வுதான் தின்றுகொண்டிருந்தது. அந்த நாடாத் துண்டை மகள் பாடநூலுக்குள் வைத்திருக்கிறாள்.

கலிலியோவும் இதே சாய்பலகையைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரிடம் டைமர் கிடையாது, குண்டு உருளும் நேரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த தண்ணீரைப் பிடித்து, அதை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். 1638-இல் அதை எழுதி வெளியிட்டார். நியூட்டன் மூன்று விதிகளையும் சேர்த்து எழுதியது 1687-இல். கையேட்டில் இந்தக் கதைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி ஆப்பிள் மரம் வரைந்திருக்கிறார்கள், சாய்பலகையைப் பற்றி ஒரு வரி இல்லை.

இனி கையேட்டைப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டாம் விதிக்கான (விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம்) சோதனையில் டிராலியில் நூலைக் கட்டி, கப்பி வழியாக 50 கிராம் எடையைத் தொங்கவிடச் சொல்கிறது. அது வரைக்கும் சரி. கணக்கு போடும்போது, தொங்கும் எடை 0.49 நியூட்டன், வண்டி 0.5 கிலோ, வகுத்தால் முடுக்கம் 0.98 மீ/வி² என்று போட்டிருக்கிறது. தப்பு. அந்த 0.49 நியூட்டன் இழுப்பது வண்டியை மட்டுமா? தொங்குகிற 50 கிராமும் கூடவே முடுக்கம் அடைந்துதானே இறங்குகிறது. நகர்கிற மொத்த நிறை 0.55 கிலோ, ஆக முடுக்கம் 0.89. நூலில் இருக்கும் இழுவிசையும் 0.49 இல்லை, அதைவிடக் குறைவு, கிட்டத்தட்ட 0.45. கயிற்றில் ஒரு பக்கம் கூண்டு மறுபக்கம் எதிர் எடை என்று தொங்கவிட்டுப் பிழைக்கிறவனுக்கு இந்த வரியைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது, பேனாவை எடுத்து அடித்துவிட்டேன்.

இது வெறும் தாள் கணக்குச் சண்டை இல்லை, நாடாவிலேயே தெரியும். நாடாவைப் பத்துப் பத்து இடைவெளியாக, அதாவது 0.2 வினாடித் துண்டுகளாக வெட்டி வரிசையாக ஒட்டினால் படிக்கட்டு மாதிரி ஏறும். முடுக்கம் 0.89 என்றால் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட 3.6 சென்டிமீட்டர் நீளம். கையேடு சொல்வது சரியாக இருந்தால் 3.9 வர வேண்டும். எங்களுக்கு வந்தது மூன்றரையை ஒட்டித்தான். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு, அதைக் காட்டித் தருகிற அளவுக்கு டைமரும் சக்கரமும் சுத்தம். நல்ல பொருளைச் செய்துவிட்டு அதற்கு இப்படி ஒரு புத்தகத்தை யார் எழுதித் தந்தார்களோ.

சோதனையை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது, ஆசிரியர்களுக்குத் தெரிந்த பழைய வழிதான். முதலில் மேலே சொன்ன மாதிரி பலகையைச் சாய்த்து உராய்வை ஈடுகட்டிவிடுங்கள். பிறகு 50 கிராம் எடைகள் நான்கையும் வண்டியிலேயே ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நூலின் தொங்கும் முனைக்கு மாற்றுங்கள். மொத்த நிறை மாறாமல் இழுக்கும் விசை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு என்று ஏறும், முடுக்கமும் அதே கணக்கில் ஏறும். வரைபடம் நேர்கோடாக வரும். அடுத்ததாக விசையை மாற்றாமல் வண்டியில் பாரத்தை ஏற்றினால் முடுக்கம் குறைவதையும் பார்த்துவிடலாம்.

வில்தராசு கதை தனி. தராசின் முகப்பில் ஒரு பக்கம் கிராம், மறுபக்கம் நியூட்டன், 1000 கிராமுக்கு நேர் எதிரே 10 நியூட்டன் என்று அச்சடித்திருக்கிறது. எஸ்பிஎம் கணக்கில் g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.81 என்று எடுக்கிற பிள்ளைக்கு இது தேவையில்லாத குழப்பம். கிராம் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள், நியூட்டனை மட்டும் பாருங்கள். ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் 9.8 காட்ட வேண்டும். (கறாராகச் சொன்னால் பூமத்திய ரேகையை ஒட்டிய கோலாலம்பூரில் g ஏறக்குறைய 9.78தான், வட ஐரோப்பாவுக்குப் போனால் 9.82 பக்கம் வரும், ஆனால் இந்தத் தராசின் முள்ளுக்கு அந்த நுணுக்கமெல்லாம் எட்டாது.) எங்களுக்கு வந்ததில் ஒன்று ஒழுங்காக 9.8 காட்டியது. இன்னொன்று 9.2.

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, மகள். மூன்றாம் விதிக்கு இரண்டு தராசையும் கொக்கியோடு கொக்கி மாட்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டும். யார் பலமாக இழுத்தாலும், ஒருவர் இழுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலும், இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும் என்பதுதான் விதி. எங்கள் வீட்டு ஹாலில் ஒன்று 4 காட்டுகிறது, மற்றது 3.7க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. "அப்பா, மூன்றாம் விதி வேலை செய்யல" என்கிறாள். விதி மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஆளுக்கு ஆள் தராசை மாற்றிப் பிடித்துப் பார் என்றேன். மாற்றினாள். குறைவு அதே தராசோடு அவள் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் தனித்தனியாகக் கிலோவைத் தொங்கவிட்டதில் குட்டு வெளிப்பட்டது. பாதகமில்லை, ஒரு விதத்தில் நல்ல பாடம்தான், ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கின பெட்டி சொல்லித்தரக் கூடாது. கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரப் பெரியவர், சீனர், முகத்தைச் சுளிக்காமல் உள்ளேயிருந்து நாலைந்து தராசை அள்ளிக்கொண்டு வந்து, "நீயே பார்த்து எடு பாஸ்" என்று என் கையிலேயே கிலோ எடையைக் கொடுத்துவிட்டார். சேவைக்கு முழு மதிப்பெண். தயாரித்தவர்களின் தரக் கட்டுப்பாட்டுக்கு முட்டை.

மூன்றாம் விதியிலும் கையேடு சொதப்பியிருக்கிறது, இது பலரும் செய்யும் சொதப்பல்தான். மேசை மேல் ஒரு புத்தகம், புத்தகத்தின் எடை கீழே, மேசை மேலே தள்ளும் விசை மேலே, இரண்டும் சமம், எனவே இவைதாம் செயலும் எதிர்ச்செயலும் என்று படம் போட்டு விளக்குகிறது. இரண்டும் சமம் என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் விழும் விசைகள், புத்தகம் அசையாமல் இருப்பதால் சமமாக இருக்கின்றன, அது முதல் விதிச் சமாசாரம். மூன்றாம் விதி ஜோடி எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மேல் விழும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால் அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது என்றால் அதன் ஜோடி, புத்தகம் மேசையைத் தள்ளுவது. லிஃப்டுக்குள் அதே புத்தகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு மேலே கிளம்பினால் தரை தள்ளும் விசை எடையைவிட அதிகமாகிவிடும், அப்போது கையேட்டுக்காரர் எதிர்ச்செயல் எங்கே போயிற்று என்று சொல்வார்?

உராய்வுக் கட்டை எனக்குப் பிடித்தது. ஒரு முகம் ரப்பர், ஒன்று உப்புத்தாள், மற்றவை வெறும் மரம். எடையும் கட்டையும் சேர்த்து ஒரு கிலோவாக்கி, தராசால் மெதுவாக இழுத்தால் முள் ஏறிக்கொண்டே போய் 3.5 பக்கம் வந்ததும் கட்டை சட்டென்று விடுபட்டு நகர்கிறது, நகர ஆரம்பித்தபின் 2.5 இருந்தால் போதும். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்புகிறபோது முதல் அசைவுக்குத்தான் அத்தனை இழுப்பு, உருள ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு பாடு இல்லை என்று சொன்னதும் மகளுக்குப் பிடிபட்டுவிட்டது. அப்புறம் கட்டையை அகலமான மர முகத்திலிருந்து குறுகலான மர முகத்துக்குத் திருப்பிப் போட்டு இழுத்துப் பாருங்கள், முள் அதே இடத்தில்தான் நிற்கும். தொடும் பரப்பு பாதியானாலும் உராய்வு குறைவதில்லை. பிரெஞ்சுக்காரர் அமோந்தோன் 1699-இல் சொன்ன விஷயம், இன்றைக்கும் கேட்டவுடன் யாரும் நம்புவதில்லை. ரப்பர் முகத்தில் மட்டும் இந்தக் கணக்கு கறாராக வராது, ரப்பர் அப்படித்தான்.

இரண்டு டிராலியையும் முதுகோடு முதுகு வைத்து ஸ்பிரிங்கைத் தட்டிவிடும் உந்தச் சோதனை சுமார்தான். ஸ்பிரிங் சவசவ என்று இருக்கிறது. இரண்டும் சம வேகத்தில் விலகும், ஒன்றின் பாரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் வேகம் மற்றதில் பாதியாகும், அவ்வளவு தெரிகிறது.

இனி நான் மிகவும் ரசித்த சோதனை, கையேட்டில் கிடையாது. நல்ல தராசில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டு எங்கள் கொண்டோ லிஃப்டுக்குள் கொண்டுபோனோம். கிளம்பும்போது முள் 9.8-இலிருந்து 10.6க்கு ஏறியது. அந்த அதிகப்படி 0.8 நியூட்டன்தான் ஒரு கிலோவை வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர் வேகம் கூட்டுகிற விசை, கணக்கே போட வேண்டாம், முள்ளே படித்துச் சொல்கிறது. பிறகு மாடி மாடியாக ஏறுகிற நேரம் முழுக்க 9.8. மேலே போய் நிற்கப்போகும்போது 9.0க்கு இறங்கியது. மகள் நடுவில் கவனித்துக் கேட்டது இதுதான்: "மேலே போயிட்டுத்தானே இருக்கோம், ஏன் அதிகமா காட்டல?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் முதல் விதி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஒரே வேகத்தில் ஏறும்போது ஏறுவதற்கென்று தனியாக ஒரு விசை தேவையில்லை. எடையைத் தாங்கினால் போதும். இறங்கும்போது எல்லாம் தலைகீழ், கிளம்புகையில் குறையும், நிற்கையில் கூடும்.

அங்கேயே நின்று எங்கள் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிக்கொடுத்தேன். கயிற்று லிஃப்டின் எதிர் எடை, காலிக் கூண்டின் எடையோடு முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்து அமைக்கப்படும். ஆக ஆள் இல்லாத லிஃப்டில் பிரேக் விட்டுவிட்டால் கூண்டு கீழே விழாது, மேலே போகும். மொத்த விசை எந்தப் பக்கமோ முடுக்கம் அந்தப் பக்கம். சினிமாவில் காட்டுகிற மாதிரி கயிறு அறுந்து விழுவதெல்லாம் சுலபத்தில் நடக்காது, கயிறுகள் பல, அதற்கு மேல் வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பும் உண்டு. அந்த மாதிரி பாதுகாப்புக் கவ்வியைத்தான் 1854-இல் எலிஷா ஓட்டிஸ் நியூயார்க்கில் கூட்டத்தின் முன்னால் மேடையில் நின்று கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டினார். பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்து தராசைப் பார்த்து, "என்ன தம்பி, மீன் வாங்கப் போறீங்களா?" என்றார்.

189 ரிங்கிட் அதிகம் என்று தோன்றினால் போனில் ஃபைபாக்ஸ் என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, இலவசம். லிஃப்ட் சோதனையைப் போனின் முடுக்கமானியை வைத்தே செய்துவிடலாம், வரைபடமும் வரும். கேஎல்சிசியில் பெட்ரோசைன்ஸ், புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் மையம் இரண்டும் சின்னப் பிள்ளைகளோடு போக நல்ல இடங்கள். ஆனால் எஸ்பிஎம் பிள்ளைக்குத் தேவை ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, தப்பு வந்தால் ஏன் என்று நோண்டிப் பார்க்கிற வசதி. அதற்கு வீட்டில் ஒரு பலகை கிடக்க வேண்டும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் விலை ஒன்றுமில்லை.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கையேடு இல்லாமல் விற்றால் நாலு.

வாங்கப் போகிறவர்களுக்கு: காரை எடுக்காதீர்கள், அந்தப் பக்கம் பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு, புடு எல்ஆர்டியில் இறங்கி நடந்துவிடலாம். அடாப்டரில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் கெட்டால் வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டரையோ போன் சார்ஜரையோ மாட்டிப் பார்க்க வேண்டாம், அவை நேர்மின்னோட்டம் தருபவை, டைமர் அதிராது. மாறுமின்னோட்டம் தரும் 12 வோல்ட் அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும், பெட்டியில் வருவது எந்த வோல்ட் என்று அதன் முதுகில் பார்த்துக்கொள்ளுங்கள், சில டைமர்களுக்கு 6 வோல்ட். நாடா சுருள் இரண்டு கூடுதலாக அப்போதே வாங்கிவிடுங்கள், பெட்டியில் வருவது சீக்கிரம் தீர்ந்துவிடும், கார்பன் தட்டும் ஒன்றிரண்டு கேளுங்கள், என்னிடம் அதற்குக் காசு வாங்கவில்லை.